நடுகல் படிக்கப் பழகி, தருமபுரியைச் சுற்றிப் பாருங்கள்

தருமபுரிக்கு வருகிறவர்களில் பலர் ஒகேனக்கல் பஸ் ஏறி ஊரைக் கடந்துவிடுகிறார்கள். சங்க காலத்தில் தகடூர் என்ற பெயரோடு அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர் இது. அவன் இறந்தபின் அவனுக்கு நட்ட கல்லுக்கு மயிற்பீலி சூட்டிக் கள் படைத்ததை ஔவையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அந்த வழக்கத்தின் தடயங்கள் இந்த மாவட்டமெங்கும் இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன. அதனால் கோயில்களைப் பார்ப்பதற்கு முன்பே நடுகற்களை, அதாவது இறந்த வீரர்களின் நினைவாக நட்ட கற்களைப் பாருங்கள் என்பேன்.

முதல் படி: அகழ்வைப்பகம்

காலையில் நேராகத் தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு, அதாவது தொல்பொருள் காட்சியகத்துக்குப் போங்கள். விடுமுறை நாளை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். சுற்றுவட்டாரத்தில் கிடைத்த நடுகற்களை அங்கே ஒரே இடத்தில் பார்க்கலாம். எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க முயலாதீர்கள். ஒரு கல்லைத் தேர்ந்தெடுத்து அதன் முன் கால் மணி நேரம் நில்லுங்கள்.

இரண்டாம் படி: உருவத்தைப் படிப்பது

முதலில் கைகளைக் கவனியுங்கள். பழைய கற்களில் பெரும்பாலும் ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள் இருக்கும். பிறகு உடம்பைப் பாருங்கள். மார்பிலோ தொடையிலோ சாய்ந்த கோடு தெரிந்தால் அது தைத்த அம்பாக இருக்கலாம். வீரன் விழுந்த விதத்தைச் சிற்பி அப்படியே காட்டியிருக்கிறான். காலருகே மாடுகள் இருந்தால் ஆநிரைச் சண்டை, அதாவது மாட்டு மந்தைக்காக நடந்த சண்டை. எதிரே புலி பாய்ந்தால் அது புலியோடு போராடியவனுக்கு நட்ட புலிக்குத்திக் கல். சில கற்களில் கால் பக்கம் மூக்குள்ள கெண்டியும் சிமிழும் செதுக்கியிருக்கும். அவசரமாகப் பார்த்தால் அவை கண்ணில் படாது.

மூன்றாம் படி: எழுத்து

பல்லவர் காலக் கற்களில் எழுத்து பெரும்பாலும் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து. அதைப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, வாசகத்தின் வரிசை தெரிந்தால் போதும். முதலில் அரசன் பெயரும் ஆட்சியாண்டும் வரும். சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்ற பல்லவ அரசர்கள் காலக் கற்களெல்லாம் இந்த வட்டாரத்தில் உண்டு. அடுத்து தலைவனும் ஊரும், பிறகு சண்டையின் காரணம், முடிவில் வீரன் பெயர். விளக்கப் பலகையில் ‘தொறு’ என்றிருந்தால் மாட்டு மந்தை. ‘பட்டான்’ என்றால் போரில் இறந்தான். பத்துப் பதினைந்து சொற்களில் ஒரு மனிதனின் சாவு முழுவதும் அடங்கிவிடுகிறது. பேரரசர்களுக்கு மெய்க்கீர்த்தி என்ற புகழ்ப்பாட்டுப் பாட ஆள் இருந்தார்கள். மாடு மீட்கப் போய் மடிந்த ஒருவனை அவன் ஊரார் ஆண்டும் காரணமும் குறித்து நினைவில் வைத்த இந்தக் கற்களைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

எழுத்து மங்கலாக இருந்தால் டார்ச்சை நேராக அடிக்காமல், கல்லை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழுந்து கீறல்கள் தெளிந்து வரும். வெளியில் நிற்கும் கற்களுக்குக் காலை, மாலைச் சாய்வெயிலே போதும். மாவு, சாக்பீஸ், எண்ணெய் எதையும் கல்லின் மேல் பூசாதீர்கள்.

நான்காம் படி: கோட்டையும் அதியமான்கோட்டையும்

அடுத்து கோட்டைப் பகுதியிலுள்ள மல்லிகார்ச்சுனர், காமாட்சி அம்மன் கோயில். நுளம்பர் என்ற பழைய அரச மரபினரின் கலையை நம் ஊரில் பார்க்கக் கிடைக்கும் அரிய இடம். தொங்கும் தூணை எல்லோரும் காட்டுவார்கள். அதைவிட அம்மன் சன்னதியின் அடித்தளத்தில் உள்ள சின்னஞ்சிறு இராமாயணச் சிற்பங்களுக்கு நேரம் கொடுங்கள். குனிந்துதான் பார்க்க வேண்டும். மாலையில் சேலம் சாலையில் அதியமான்கோட்டை. அங்கே சென்றாயப் பெருமாள் கோயில் மண்டப விதானத்தில் பழைய ஓவியங்கள் இருக்கின்றன.

ஐந்தாம் படி: ஊர்ப்புறம்

கிராமங்களில் நடுகற்கள் பல வேடியப்பன் என்ற பெயரில் இன்றும் வழிபாட்டில் இருக்கின்றன. செருப்பைக் கழற்றுங்கள், அங்கிருப்பவர்களைக் கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். எழுத்து தெரியவேண்டும் என்று மஞ்சளையும் குங்குமத்தையும் துடைக்காதீர்கள். வயல் வரப்பில் யாரும் கவனிக்காத கல் ஒன்று கிடந்தால் நிமிர்த்தவோ நகர்த்தவோ வேண்டாம். இடத்தைக் குறித்துக்கொண்டு, படத்தோடு கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ தெரிவியுங்கள்.