காப்பகத்து நாயைக் கூட்டி வரும்போது நாம் விடும் பிழைகள்

கறுப்பி எங்கள் வீட்டுக்கு வந்த அன்று பின்னேரம் ஏழெட்டுப் பேர் அவளைப் பார்க்க வந்திருந்தார்கள். மாமி பொரித்த மீன் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மாறி மாறித் தலையைத் தடவினார்கள். அவள் தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போய்ச் சுருண்டுகொண்டாள். "பயப்படாத, வா" என்று நான்தான் இழுத்து வெளியே எடுத்தேன். இரவு பத்து மணி இருக்கும், படலைக்குக் கீழே இருந்த ஒரு சாண் இடைவெளியால் நுழைந்து போய்விட்டாள். நாலாம் நாள் மட்டக்களப்பின் பழைய கல்லடிப் பாலத்தடியில் கண்டுபிடித்தோம். தூண்டில் போடும் ஐயா ஒருவர் அவளுக்குச் சோறு வைத்துக்கொண்டிருந்தார். இடையில் வந்த மூன்று இரவும் எனக்கு நித்திரை இல்லை.

அதற்குப் பிறகு பல நாய்கள் வீடு கிடைக்கும்வரை எங்கள் வளவில் தங்கிப் போயிருக்கின்றன. சில போன வீட்டிலிருந்து திரும்பியும் வந்திருக்கின்றன. திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று முன்பு நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. முதல் இரண்டு மூன்று வாரத்தில் அவசரப்பட்டுவிட்டார்கள், அவ்வளவுதான். நானும் அதைத்தானே செய்தேன்.

முதல் நாட்களில் சும்மா விடுங்கள்

மீட்புப் பணியில் இருப்பவர்கள் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். எல்லா நாய்க்கும் அச்சொட்டாகப் பொருந்தாது. ஆனாலும் மனதில் வைத்திருக்க நல்ல கணக்கு. முதல் மூன்று நாளும் நாய்க்குப் பயம். சாப்பிடாது, ஒளிந்துகொள்ளும், சில வேளை நாள் முழுக்கச் சிறுநீரும் கழிக்காது. மூன்று வாரத்தில் வீட்டின் ஓட்டம் பிடிபடும். யார் எப்போது வருவார்கள், சோறு எப்போது வைப்பார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். இது தன் வீடு என்ற எண்ணம் வர மூன்று மாதமாவது ஆகும்.

நாங்கள் பிழைவிடும் இடம் இதற்குள்தான் இருக்கிறது. முதல் கிழமை ஒரு மூலையில் கிடப்பதைப் பார்த்து "நல்ல அமைதியான நாய்" என்று சந்தோஷப்படுகிறோம். மூன்றாம் கிழமை அது செருப்பைக் கடிக்கும், படலையடியில் குரைக்கும், சோற்றுக் கோப்பைக்குக் கிட்டப் போனால் உறுமும். உடனே "குணம் மாறிட்டுது" என்று போன் வரும். குணம் மாறவில்லை. பயம் தெளிந்து இப்போதுதான் அது வாய் திறக்கிறது. இந்த மூன்றாம் கிழமையில்தான் பொறுமை வேண்டும். நிறைய நாய்கள் திரும்பி வருவதும் இந்தக் கிழமையில்தான்.

அப்படியென்றால் என்ன செய்வது? விறாந்தையிலோ குசினிப் பக்கத்திலோ சனம் குறுக்கும் மறுக்கும் நடக்காத ஒரு மூலையில் சாக்கை விரித்து, தண்ணீரை வையுங்கள். சாப்பாட்டைத் தினமும் அதே நேரத்துக்கு வையுங்கள். பிறகு கொஞ்சம் தள்ளி ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு உங்கள் பாட்டில் பேப்பர் வாசியுங்கள். அதன் கண்ணை உற்றுப் பார்க்க வேண்டாம், தலைக்கு மேலால் கையைக் கொண்டுபோகவும் வேண்டாம். அதுவாக வந்து உங்கள் காலை மணந்து பார்க்கும். அந்த நிமிடத்துக்காகக் காத்திருப்பது எவ்வளவு நல்ல விஷயம் என்பதைக் காத்திருந்து பார்த்தவர்கள் அறிவார்கள். உறவினர்கள் இரண்டு கிழமை கழித்து வந்து பார்க்கட்டும். பிள்ளைகள் கட்டிப்பிடிக்கக் கூடாது, நாய் சாப்பிடும்போதும் தூங்கும்போதும் கிட்டப் போகக் கூடாது. வந்த அன்றே குளிப்பாட்டுவதும் வேண்டாம். காப்பகத்து மணம் நமக்குப் பிடிக்காமல் இருக்கலாம், ஆனால் அந்த நாய்க்குத் தெரிந்த ஒரே மணம் அன்றைக்கு அதுதான்.

வேலியை நாயின் கண் மட்டத்தில் குனிந்து பாருங்கள். தகர வேலிக்கும் மணலுக்கும் இடையில், படலைக்குக் கீழே, மதிலோரத் தண்ணீர்க் கானில் என்று நாம் நின்று பார்க்கும்போது படாத ஓட்டைகள் நிறைய இருக்கும். எங்கள் கரையோர மணலில் ஒரு நாய் பத்து நிமிடத்தில் கிடங்கு தோண்டிவிடும். முதல் இரண்டு கிழமையும் வளவுக்குள்ளேயே கயிற்றைப் பிடித்துத்தான் நடத்த வேண்டும். கழுத்துப் பட்டிக்குள் இரண்டு விரல் போகிற அளவு இருந்தால் போதும், அதைவிடத் தளர்ந்தால் தலையை உருவிக்கொள்ளும். ஓட்டோவில் கூட்டி வரும்போது இதைச் சரிபார்க்காமல் நடு வீதியில் பாய்ந்து ஓடிய நாய்கள் உண்டு. சித்திரைப் புத்தாண்டும் தீபாவளியும் வரும் கிழமைகளில் புது நாயைக் கூட்டி வராமல் இருப்பது நல்லது. சீனவெடிச் சத்தத்தில் பழகிய நாயே வீட்டை விட்டு ஓடும்.

படத்தைப் பார்த்து எடுப்பது

முகநூலில் குட்டியின் படத்தைப் பார்த்ததும் "எனக்கு வேணும்" என்று எழுதிவிடுகிறோம். இங்கே பெரும்பாலும் கேட்பது ஆண் குட்டியைத்தான். பெட்டைக் குட்டிகளைச் சந்தை ஓரத்திலும் கோயில் வாசலிலும் பெட்டியோடு வைத்துவிட்டுப் போவதைப் பார்த்துப் பார்த்து மனம் கசந்துபோயிருக்கிறது. கருத்தடை செய்த பெட்டை நாய் வீட்டைச் சுற்றியே நிற்கும், காவலுக்கும் குறைவில்லை. "ஒருக்கா குட்டி போட்டால்தான் உடம்புக்கு நல்லது" என்பதில் உண்மை இல்லை. ஆறு மாதத்திலேயே முதல் பருவம் வரலாம். கருத்தரித்தால் 63 நாள் அளவில் குட்டிகள் பிறந்துவிடும். "மறுகா பார்ப்பம்" என்று தள்ளிப் போட்ட வீடுகளில்தான் அடுத்த அட்டைப்பெட்டி தயாராகிறது. கருத்தடை செய்யாத நாயை எடுக்கிறீர்கள் என்றால், எந்த மாதம், எங்கே, யார் செலவில் செய்வது என்று அன்றே பேசிவிடுங்கள்.

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு இரண்டு மாதக் குட்டி சரிவராது. அதற்கு நாளைக்கு மூன்று நாலு தரம் சாப்பாடு வேண்டும், நாள் முழுக்கத் தனியே விட்டால் அழுதுகொண்டே இருக்கும். இரண்டு மூன்று வயது நாயைக் கேட்டுப் பாருங்கள். அதன் குணம் ஏற்கெனவே தெரியும். பிள்ளைகளோடு எப்படி, பூனையோடு எப்படி, கோழியைக் கண்டால் துரத்துமா என்று காப்பகத்தில் இருப்பவர்கள் சொல்வார்கள். நம் வளவுகளில் கோழி இல்லாத வளவு குறைவுதானே. ஒரே நாளில் முடிவெடுக்காமல் இரண்டு தரம் போய்ப் பாருங்கள், இரண்டாம் தரம் வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சாதாரண தரப் பரீட்சை முடிந்த கையோடு பிள்ளை கேட்டது என்று நாய் எடுப்பார்கள். மூன்று வருடத்தில் பிள்ளை பல்கலைக்கழகம் போய்விடும். நாயோ பன்னிரண்டு, பதினான்கு வருடம் இருக்கும். அதற்குச் சோறு போடப்போகிற அம்மாவிடம்தான் முதலில் சம்மதம் கேட்க வேண்டும். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடமும்.

நோயை வீட்டு வைத்தியத்தால் மூடுவது

தடுப்பூசி அட்டையைக் கேட்டு வாங்குங்கள். "ஊசி போட்டாச்சு" என்ற வாய்ச்சொல் போதாது. எந்த ஊசி, எந்தத் திகதி என்று அதில் இருக்க வேண்டும். குட்டிகளைக் கொல்லும் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற தொற்றுநோய்களுக்கான ஊசி ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை போட வேண்டும். ஒரு ஊசியோடு நிறுத்திய குட்டிக்குப் பாதுகாப்பு இல்லை. வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் புதிதாக வந்ததை இரண்டு கிழமையாவது தனியே வைத்திருங்கள். இரத்தம் கலந்த வயிற்றோட்டத்தால் குட்டி செத்த வளவில் பார்வோக் கிருமி மண்ணில் மாதக் கணக்காக, ஒரு வருடம் வரைகூட இருக்கும். சாதாரணமாகத் தரை கழுவும் திரவங்கள் பலவற்றுக்கு அது சாகாது. 1 பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து, தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். மண் தரைக்கு அதுவும் முழுதாகச் சரிவராது. அதனால் அப்படிப்பட்ட வளவுக்கு ஊசி முடியாத குட்டியைக் கொண்டுபோகவே வேண்டாம்.

சொறி பிடித்த நாயைப் பார்த்ததும் மண்ணெண்ணெயும் பழைய எஞ்சின் ஒயிலும் பூசுவது நமது ஊர்ப் பழக்கம். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள், ஆனால் அது தோலை வேகவைக்கிறது, நாய் நக்கும்போது உள்ளேயும் போகிறது. மாட்டுக்குப் போடும் பூச்சி ஊசியை அளவு தெரியாமல் போடுவதும் அப்படித்தான், உயிருக்கே ஆபத்து. சொறி பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு சிற்றுண்ணியால் வருவது. மிருக வைத்தியர் எடையைப் பார்த்துத் தரும் மருந்தில் இரண்டு மூன்று மாதத்தில் மயிர் முளைத்து, ஆளே அடையாளம் தெரியாமல் மாறிவிடும். காப்பகத்தில் யாரும் திரும்பிப் பார்க்காத சொறி நாயை எடுக்கத் துணிந்தவர்களுக்கு நான் மனதாரக் கை கூப்புகிறேன்.

உண்ணிக் காய்ச்சலைக் கவனியுங்கள். சாப்பாட்டில் ஆர்வம் குறைந்து, ஈறு வெளிறி, சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனால் அன்றே வைத்தியரிடம் ஓட வேண்டும். காய்ச்சல்தானே என்று பனடோல் கொடுக்கக் கூடாது, இபுபுரூஃபன் அதைவிட மோசம். தெருவில் வளர்ந்த பெரிய நாய்க்குப் பிறப்புறுப்பில் கட்டி இருந்து இரத்தம் கசிந்தால் "புற்று, இனிச் சாகும்" என்று கைவிட வேண்டாம். நாய்க்கு நாய் தொற்றும் அந்தக் கட்டி, வாரம் ஒரு ஊசி என்று சில வாரங்கள் போட்டால் பெரும்பாலும் மாறிவிடும். மாரியில் வெள்ளம் நிற்கும் வயலோரங்களில் எலிக்காய்ச்சல் மனிதரைப் போலவே நாயையும் பிடிக்கும். அதற்கும் ஊசி இருக்கிறது.

புது நாய் கடித்துவிட்டால், விளையாட்டுக்குக் கடித்த குட்டியாக இருந்தாலும், காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ கோப்பித்தூளோ வைக்க வேண்டாம். நாய்க்கடியால் வரும் விசர் நோய் வெளிப்பட்ட பிறகு காப்பாற்றுவது நடவாத காரியம். வெளிப்படும் முன் போடும் ஊசி காப்பாற்றும், அரச வைத்தியசாலையில் அதற்குக் காசும் இல்லை.

சாப்பாடு பற்றிச் சுருக்கமாக: குட்டிக்குப் பால்மாவோ மாட்டுப்பாலோ கரைத்துக் கொடுத்தால் வயிற்றாலடிக்கலாம். மிச்சக் கறிச்சோற்றில் வெங்காயமும் உப்பும் தூளும் இருக்கும். சோறு, பூசணி, முள் எடுத்த மீன் என்று உப்பில்லாமல் அவித்தால் அதுவே நல்ல சாப்பாடு. அவித்த கோழி எலும்பு வேண்டாம், உடைந்து குத்தும். காப்பகத்தில் என்ன சாப்பிட்டது என்று கேட்டு, ஒரு கிழமையில் மெல்ல மெல்ல மாற்றுங்கள்.

அயலும் வெள்ளமும்

எங்கள் மாவட்டத்தில் தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் வேலியோடு வேலியாக இருக்கின்றன. நாயின் எச்சில் பட்டால் கழுவிச் சுத்தம் செய்துவிட்டுத்தான் தொழ வேண்டும் என்பது அயலவரின் மார்க்கம். பள்ளிக்குப் போகிறவர் மேல் நம் நாய் பாய்ந்தால் அது அவருக்கு உண்மையான கஷ்டம். இரவில் அவிழ்த்து வீதியில் விடும் பழக்கத்தை நிறுத்தினாலே பாதிப் பிரச்சினை தீரும். நாய் வாகனத்தில் அடிபடுவதும் குறையும். நாய் வரமுன்னரே பக்கத்து வீட்டில் ஒரு சொல் சொல்லி வையுங்கள். எங்கள் பக்கத்து வீட்டு முஸ்லிம் நானாதான் இப்போது படலை திறந்திருந்தால் முதலில் கூப்பிட்டுச் சொல்கிறவர்.

கார்த்திகை, மார்கழி மழையில் வெள்ளம் ஏறும்போது நாயைச் சங்கிலியில் விட்டுப் போகவே கூடாது. கூட்டிப் போக முடியாவிட்டால் அவிழ்த்தாவது விடுங்கள்.

தற்காலிகமாக வைத்துப் பார்ப்பவர்களுக்கு

நிரந்தர வீடு கிடைக்கும்வரை ஒரு நாயை வைத்திருக்கக் கேட்டால், "கொஞ்ச நாளைக்குத்தானே" என்று தலையாட்டிவிட்டுத் திண்டாடுவது வழக்கம். எத்தனை கிழமை, மருந்துச் செலவு யாருடையது, இரவில் வருத்தம் வந்தால் யாருக்கு அழைப்பது, வீடு கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பதையெல்லாம் நாய் வருமுன் வட்சப்பில் எழுத்தில் கேட்டு வைத்திருங்கள். களைத்துப் போய், முதலில் கேட்டு வந்தவரிடம் தூக்கிக் கொடுத்துவிடுவது இன்னொரு பிழை. அவர் வீட்டைப் போய்ப் பாருங்கள். முன்பு வளர்த்த நாய்க்கு என்ன ஆனது என்று கேளுங்கள், அந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலில் நிறையத் தெரிந்துவிடும்.

எல்லாம் செய்தும் சரிவராமல் போகலாம். அப்போது வெட்கப்படாமல் காப்பகத்துக்குச் சொல்லுங்கள். இரவோடு இரவாக வேறு ஊர்ச் சந்தையடியில் இறக்கிவிடப்பட்ட நாயை அங்கே நிற்கும் நாய்கள் கடித்துக் குதறும். ஏன் சரிவரவில்லை என்று நீங்கள் சொன்னால், அடுத்த வீட்டைத் தேடுகிறவர்களுக்கு அதுவே வழிகாட்டும்.

நாயைப் புது வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாளில் அது சாப்பிடும் நேரம், பயப்படும் சத்தம், கூப்பிட்டால் வரும் பெயர் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். அது படுத்த சாக்கையும் துவைக்காமல் கூடவே கொடுத்துவிடுங்கள். முதல் இரவு அதன் மேல்தான் போய்ப் படுக்கும்.