மதுரைக்கு வருகிறவர்கள் காலுக்கு என்ன போட்டுக்கொள்வது?

டொரண்டோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ மதுரைக்கு வருபவர்களில் பலருக்கு விமானம் இறங்கியதோடு பயணம் முடிந்துவிடுவதில்லை. சென்னையில் பெட்டிகளை எடுத்துக்கொண்டு எழும்பூர் போய் ரயிலேற வேண்டும். இல்லையென்றால் கார் பிடித்து ஏறத்தாழ 460 கிலோமீட்டர் வரவேண்டும். எப்படி வந்தாலும் இன்னொரு ஏழெட்டு மணி நேரம் உட்கார்ந்த உட்கார்ந்தபடிதான். கொழும்பு, துபாய், சிங்கப்பூர் வழியாக நேரே மதுரை விமான நிலையத்தில் இறங்குபவர்களுக்கு இந்த அலைச்சல் மிச்சம். ஆனால் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது பாதம் உப்பிப்போய் வார் பதிந்த தடம் தெரிவது எல்லோருக்கும் பொதுதான். இதற்குத்தான் கம்ப்ரஷன் சாக்ஸ், அதாவது அழுத்தக் காலுறை. நல்ல பொருள்தான், ஆனால் அளவு பார்க்காமல் வாங்கினால் போட்டும் பயனில்லை. ஆள் பார்க்காமல் கொடுத்தால் ஆபத்தும் உண்டு.

பாதத்திலிருந்து ரத்தம் இதயத்துக்குத் திரும்ப மேலேறி வரவேண்டும். அதை மேலே தள்ளுவது ஆடுசதை. நடக்கும்போது அந்தச் சதை இறுகி இறுகி, உள்ளே இருக்கும் சிரைகளை, அதாவது ரத்தம் திரும்பி வரும் குழாய்களைப் பிழிந்து ரத்தத்தை மேலே அனுப்புகிறது. ஏறிய ரத்தம் திரும்ப இறங்காமல் சிரைக்குள் இருக்கும் வால்வுகள் தடுக்கின்றன. மணிக்கணக்கில் உட்கார்ந்தே இருந்தால் ஆடுசதைக்கு வேலை இல்லை, ரத்தம் கீழேயே தேங்குகிறது, நீர் வெளியே கசிந்து கால் வீங்குகிறது. சிலருக்கு உள்சிரையில் ரத்தம் கட்டியாக உறைந்தும் போகலாம். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் இந்த ஆபத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்குகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. பதறவேண்டாம். ஆரோக்கியமானவர்களில் ஏறத்தாழ 6000 பேருக்கு ஒருவர் என்கிற அளவுதான் அது. விமானம் மட்டுமல்ல, ரயில், பஸ், கார் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும் என்பதையும் அந்த ஆய்வே சொல்கிறது. ஆகவே சென்னையில் இறங்கியதும் சாக்ஸைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு எட்டு மணி நேரம் காரில் உட்காராதீர்கள். இரவு ரயிலில் பெர்த் கிடைத்துக் காலை நீட்டிப் படுக்கப் போகிறீர்கள் என்றால் கழற்றிவிடலாம். பகல் ரயிலில் உட்கார்ந்து வருபவர்கள் போட்டுக்கொண்டே வரவேண்டும்.

இந்தக் காலுறை கணுக்காலில் அதிகமாக இறுக்கும், மேலே போகப்போக இறுக்கம் குறையும். சாதாரண இறுக்கமான சாக்ஸுக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவின் டொலிடோவில் வாழ்ந்த கான்ராட் ஜோப்ஸ்ட் என்ற பொறியாளருக்குக் காலில் சிரைக் கோளாறு இருந்தது. நீச்சல் குளத்தில் நிற்கும்போது வலி குறைவதைக் கவனித்தார். தண்ணீரின் அழுத்தம் ஆழத்தில் அதிகம், மேலே வரவரக் குறைவு. அதையே துணியில் கொண்டுவந்தார். இன்றும் அவர் பெயரில் ஒரு பிராண்ட் விற்கிறது.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைத்தான் முதலில் பார்க்கவேண்டும். ரத்த அழுத்தத்தை அளக்கும் அதே மில்லிமீட்டர் பாதரசக் கணக்குதான். பயணத்துக்கு 15-20 போதும். 20-30 என்பது வெரிகோஸ், அதாவது சிரை புடைத்துச் சுருட்டிக்கொள்ளும் கோளாறு உள்ளவர்களுக்கும் ஏற்கெனவே கால் வீங்குபவர்களுக்கும் டாக்டர் எழுதிக் கொடுப்பது. அதற்கும் மேலே உள்ளவற்றைச் சொந்த யோசனையில் வாங்கவே கூடாது. ‘கிளாஸ் 1’, ‘கிளாஸ் 2’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்கவேண்டாம். பிரிட்டிஷ் அளவில் கிளாஸ் 2 என்றால் 18-24, ஜெர்மன் அளவில் கிளாஸ் 2 என்றால் 23-32. லண்டனில் போட்டுப் பழகியதையே மதுரையில் ‘கிளாஸ் 2’ என்று கேட்டு வாங்கினால் கூடுதல் இறுக்கமானது கைக்கு வந்துவிடலாம். எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது அளவு. ஷூ சைஸை வைத்து இதை வாங்கக்கூடாது. காலையில் எழுந்ததும், வீக்கம் ஏறுவதற்கு முன்னால், தையல் டேப்பை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்காருங்கள். கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே, கால் மிக ஒல்லியாக இருக்கும் இடத்தில் ஒரு சுற்றளவு. ஆடுசதை மிகப் பருத்திருக்கும் இடத்தில் இன்னொன்று. தரையிலிருந்து முழங்கால் மடிப்புவரை உயரம். மூன்றும் சென்டிமீட்டரில். இரண்டு காலையும் அளக்கவேண்டும், நிறையப் பேருக்கு ஒன்றாக இருக்காது. பெட்டியின் பின்னால் உள்ள அட்டவணையில் கணுக்கால் அளவுதான் முதலில் பொருந்தவேண்டும். தொடைவரை வருகிற ரகம் பயணத்துக்குத் தேவையே இல்லை. முழங்காலுக்குக் கீழே நிற்பது போதும்.

இனி, ஊருக்கு வாங்கிவரும் பரிசு விஷயம். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்லவேண்டும். அப்பாவுக்குக் கால் வீங்குகிறது, பெரியம்மாவுக்கு நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது என்று போனில் கேட்டவுடன் பிள்ளைகள் அங்கே கடையில் நான்கு ஜோடி வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். அன்புதான். ஆனால் நம் வீடுகளில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் சர்க்கரை உள்ளவர்கள் நிறையப் பேர். சர்க்கரை பல வருடங்களாக இருப்பவர்களுக்கும் புகைபிடித்தவர்களுக்கும் காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களான தமனிகள் அடைத்திருக்கலாம். ரத்தம் கீழே போவதே சிரமமாக இருக்கும் காலை வெளியிலிருந்தும் இறுக்கினால் விரல் கறுத்துப்போகும் அளவுக்குப் போகலாம். பாதத்தில் உணர்ச்சி மரத்துப்போனவர்களுக்கு சாக்ஸ் மடிந்து வெட்டுவதுகூடத் தெரியாது, புண்ணான பிறகுதான் தெரியும். கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, நின்றால் சரியாகிறது என்று அவர்கள் சொன்னால் அது தமனி அடைப்பின் அறிகுறி. இதயம் பலவீனமாக இருப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடும் எளிய பரிசோதனை ஒன்று இருக்கிறது, ரத்த ஓட்டத்தை ஒலியலையால் பார்க்கும் டாப்ளர் கருவியில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். நீங்கள் ஊரில் இருக்கும் நாட்களில் அழைத்துக்கொண்டு போய் அதைச் செய்துவிடுங்கள். சாக்ஸ் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று, பெரியவர்களின் மாத்திரைப் பெட்டியைப் பாருங்கள். ரத்தக் கொதிப்புக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்கவைக்கும். அந்த வீக்கத்துக்கு சாக்ஸ் தீர்வல்ல. மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் போய்ச் சொன்னால் வேறு மாற்றித் தருவார்.

சரி, போடுவது எப்படி? காலையில் படுக்கையை விட்டு எழுந்ததும் போடுவதுதான் சரி. விமானப் பயணம் என்றால் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே போட்டுவிடவேண்டும். வீங்கிய காலில் நடுவழியில் ஏற்றுவது பெரும்பாடு. என் அத்தைக்குப் போட்டுவிட்டபோது, “என்னப்பா இது, பொம்மைக்குத் தைச்ச மாதிரி இருக்கு” என்றார். முறையாகப் போட்டால் ஏறிவிடும். கையை உள்ளே விட்டுக் குதிகால் இடத்தைப் பிடித்து, சாக்ஸை அதுவரை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்புங்கள். பாதத்தை முதலில் நுழைத்து, குதிகால் பை குதிகாலில் சரியாக உட்கார்ந்ததா என்று பாருங்கள். அப்புறம் மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே நீவிவிடுங்கள். மேல் விளிம்பைப் பிடித்து இழுக்கவே கூடாது. இழுத்தால் துணி மேலே போய்ச் சேர்ந்து, இறுக்கம் எங்கே குறையவேண்டுமோ அங்கே கூடிவிடும். பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு நீவினால் வழுக்காமல் சீராக ஏறும். கால் ஈரமாகவோ எண்ணெய்ப் பசையோடோ இருக்கக்கூடாது. கொஞ்சம் பவுடர் போடலாம். க்ரீமை இரவில் கழற்றிய பிறகு தடவுங்கள்.

அத்தை காலில் மெட்டி இருந்தது. மெட்டியும் கொலுசும் இந்தத் துணிக்கு எதிரி, ஒரு இழை மாட்டினால் நெடுக ஓடிவிடும். மெட்டியைக் கழற்ற மனமில்லாதவர்களுக்கு விரல் திறந்த ரகம் கிடைக்கிறது. செருப்புப் போடவும் அதுதான் வசதி. கொலுசை மட்டும் கட்டாயம் கழற்றவேண்டும், அழுத்தம் அதன்மேல் விழுந்து தோலில் பதியும்.

போட்டு முடித்ததும் உள்ளங்கையால் முழுக் காலையும் தடவிப் பாருங்கள், எங்கும் சுருக்கம் இருக்கக்கூடாது. மேல் விளிம்பு முழங்கால் மடிப்புக்கு இரண்டு விரல் கீழே நிற்கவேண்டும். நீளம் மிஞ்சுகிறது என்று மடித்து விடுகிறார்கள். மடித்த இடத்தில் அழுத்தம் இரட்டிப்பாகி, கயிறு கட்டினது போல ரத்தத்தைத் தடுக்கும். மிஞ்சினால் அது உங்கள் அளவு அல்ல. விரல்கள் மரத்தாலோ, நீலம் பாரித்தாலோ, வலித்தாலோ யோசிக்காமல் கழற்றிவிடுங்கள்.

ஊர் வந்து சேர்ந்த பிறகு? ஏப்ரல், மே மாதங்களில் மதுரையில் 38, 40 டிகிரி சாதாரணம். குளிர் நாட்டிலிருந்து வருபவர்களுக்கு முதல் சில நாட்கள் வெயிலினால் மட்டுமே பாதம் வீங்கும். உடம்பு சூட்டை வெளியேற்றத் தோலுக்கடியில் உள்ள குழாய்களை விரித்துக்கொள்வதால் வருவது அது. உடம்பு பழகியதும் வற்றிவிடும். அதற்காக நாள் முழுக்க சாக்ஸோடு புழுங்கவேண்டியதில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காலடியில் இரண்டு தலையணை வைத்து அரை மணி நேரம் படுங்கள். அப்பளமும் ஊறுகாயும் கொஞ்சம் குறையட்டும். டாக்டர் சொல்லித் தினமும் போடுபவர்கள் நிறுத்தக்கூடாது. அவர்கள் மெல்லிய விரல் திறந்த ரகமாகப் பார்த்து வாங்கிவருவது நல்லது.

மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகும் நாளில் பயணத்துக்காக மட்டும் போடுபவர்கள் கழற்றி வைத்துவிட்டே போகலாம். ஆடி வீதியைச் சுற்றி நடப்பதே ஆடுசதைக்கு நல்ல வேலை. சாக்ஸோடு வழவழப்பான கல்தரையில் நடந்தால் வழுக்கவும் செய்யும். காலுக்குக் கேடு நடப்பதில் இல்லை, அசையாமல் நிற்பதில் இருக்கிறது. சித்திரைத் திருவிழாவில் திருக்கல்யாணத்துக்கு வரிசையில் நிற்பதும், அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க ராத்திரி முழுக்க வைகைக் கரையில் நிற்பதும் விமானத்துக்குச் சமமான சோதனை. அன்றைக்குக் கட்டாயம் போட்டுக்கொண்டு போங்கள். நின்ற இடத்திலேயே குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். கல்யாண மண்டப வாசலில் நின்று வரவேற்பவர்களுக்கும் இதே யோசனைதான். பட்டுச்சேலைக்கும் வேட்டிக்கும் உள்ளே யாருக்கும் தெரியப்போவதில்லை.

தரையில் உட்கார்ந்து சாப்பிடும்போது மட்டும் கவனம். சம்மணம் போட்டால் முழங்காலுக்குப் பின்னால் மேல் விளிம்பு சுருண்டு வெட்டும். குலதெய்வம் கோயிலில் பந்திக்கு உட்கார்ந்ததும் விளிம்பைச் சுருக்கமில்லாமல் நீவிவிட்டு, எழுந்ததும் மறுபடி சரிசெய்துகொள்ளுங்கள்.

இரவில் கழற்றியதும் நீங்களே மிதமான சோப்பில் அலசிவிடுங்கள். அழுக்குக்கூடையில் போட்டால் மறுநாள் அது துவைக்கிற கல்லில் அடிபட்டு, மொட்டைமாடி வெயிலில் காயும். எலாஸ்டிக் செத்துவிடும். முறுக்காமல் துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி, நிழலில் விரித்துப் போடவேண்டும். தினமும் போடுபவர்களுக்கு ஒரு ஜோடி ஆறு மாதத்துக்கு மேல் இறுக்கம் தராது.

கொண்டுவர மறந்துவிட்டால் கவலை இல்லை. கோரிப்பாளையத்தில் பெரியாஸ்பத்திரியைச் சுற்றி, பனகல் ரோட்டில் சர்ஜிகல் கடைகள் இருக்கின்றன. ‘வெரிகோஸ் ஸ்டாக்கிங்ஸ்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். உங்கள் மூன்று அளவையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், பெட்டியில் அழுத்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். விரல் பக்கம் ஓட்டை வைத்த வெள்ளை சாக்ஸ் ஒன்றைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது ஆபரேஷன் முடிந்து படுத்திருப்பவர்களுக்கானது, நடமாடுபவர்களுக்கு அதன் அழுத்தம் பொருந்தாது.

ஏற்கெனவே ரத்தக்கட்டி வந்தவர்கள், கர்ப்பிணிகள், குழந்தை பிறந்து சில வாரங்களே ஆனவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள், கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். டிக்கெட் போட்டதும் டாக்டரைப் பாருங்கள். சிலருக்கு சாக்ஸோடு ரத்தம் உறையாமலிருக்க ஊசியும் தேவைப்படலாம்.

இரண்டு காலும் சமமாக வீங்கி, படுத்து எழுந்தால் வற்றினால் பெரும்பாலும் பயமில்லை. ஒரு கால் மட்டும் வீங்கி, ஆடுசதை வலித்து, தொட்டால் சூடாக இருந்தால் அன்றைக்கே டாப்ளர் ஸ்கேன் எடுக்கவேண்டும். அந்தக் காலை நீவிவிடச் சொல்லி யாராவது தைலத்தோடு வருவார்கள், விடாதீர்கள். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல், இருமலில் ரத்தம் இவற்றில் எது வந்தாலும் உடனே 108 ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது. திரும்பிப் போன பிறகும் சில வாரங்கள் வரை இது வரலாம். அங்கே டாக்டரிடம் போனால், சமீபத்தில் இந்தியா போய்வந்தேன் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.