பழைய ஃபோர் வீலில "டொக்" சத்தமா, டிஃபரென்ஷல கழட்டுறதுக்கு முன்னம் இத வாசிங்க

வெள்ளவத்தையில மாமாட லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 110 ஜீப், 300 டீடீஐ எஞ்சின், 1996ல வந்தது, இன்னும் தினமும் ஓடுது. காலி வீதியில லைட் பச்சையாகி கிளட்ச்ச விடேக்க பின்னுக்கு "டொக்" எண்டு ஒரு அடி, அக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்தா திரும்ப ஒருக்கா. ஒரு கராஜில அடியில குனிஞ்சு பாத்து, ஆக்சிலுக்குச் சுத்து கொண்டு போற ஷாஃப்ட்ட கையால ஆட்டி "டிஃபரென்ஷல் போயிட்டுது" எண்டு சொல்லிட்டினம், அதாவது ரெண்டு பக்கச் சில்லையும் வேற வேற வேகத்தில சுத்த விடுற, ஆக்சில் நடுவில இருக்கிற கியர்க் கூட்டம். நாங்களும் நம்பி பஞ்சிகாவத்தைக்குப் போய் பாவிச்ச டிஃபரென்ஷல் ஒண்டு வாங்கிப் போட்டம். அடுத்த நாள் அதே லைட்ல அதே "டொக்". அண்டைக்கு மாமாட முகத்தப் பாத்தது இன்னும் மனசுல கிடக்கு, அதால தான் இத எழுதுறன்.

2020 மார்ச்ல வாகன இறக்குமதிய நிப்பாட்டினாப் பிறகு, இங்க பழைய ஜீப்ப வச்சிருக்கிறவங்க அத காப்பாத்தி ஓட்டத்தான் பாத்தவங்க. பிழையான பார்ட்ஸுக்குக் காசு போறது தான் பெரிய வலி.

முதல் தவறு, ஆடுறதெல்லாம் பழுது எண்டு நினைக்கிறது. கியர் பொக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸ் (முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் பிரிச்சுக் குடுக்கிற பெட்டி), புரொப்பலர் ஷாஃப்ட் (அதில இருந்து ஆக்சிலுக்குப் போற தண்டு), டிஃபரென்ஷல், ஆக்சில், சில்லு எண்டு ஒவ்வொரு இடத்திலயும் கொஞ்சம் கொஞ்சம் இடைவெளி இருக்கும், இருக்கத்தான் வேணும், பல்லுக்கு நடுவில ஒயில் நிக்க இடம் வேணுமே. டிஃபெண்டர்ல டிஃபரென்ஷல் விகிதம் 3.54, ஷாஃப்ட் 3.54 தரம் சுத்தினாத் தான் சில்லு ஒரு தரம் சுத்தும். அதாவது சில்லுப் பக்கம் 5 பாகை ஆட்டம் இருந்தா ஷாஃப்ட்ல அது கிட்டத்தட்ட 18 பாகையாத் தெரியும். அடியில படுத்து ஷாஃப்ட்ட கையால சுத்தி "இவ்வளவு ஆடுதே" எண்டா யாருக்கும் பயம் வரும், ஆனா அந்த ஆட்டம் எந்த மூட்டில இருந்து வருது எண்டு அது சொல்லாது. ஒவ்வொரு மூட்டையும் தனித்தனியா பிடிச்சுப் பாக்கோணும்.

அதுக்கு முன்னம், உயிர் சம்பந்தப்பட்ட விசயம் ஒண்டு. பழைய லேண்ட் ரோவர்ல ஹேண்ட் பிரேக் சில்லுல பிடிக்காது, ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸுக்குப் பின்னால புரொப்பலர் ஷாஃப்ட்ல தான் பிடிக்கும். பின் சில்லு ஒண்ட ஜக் அடிச்சுத் தூக்கினா டிஃபரென்ஷல் அந்தச் சில்லச் சுத்த விட்டுடும், ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாலும் வாகனம் உருளும். பின் ஷாஃப்ட்டக் கழட்டினா சென்டர் டிஃப் லொக் (முன் ஷாஃப்ட்டையும் பின் ஷாஃப்ட்டையும் ஒண்டாப் பூட்டிற லொக்) போடாத வரைக்கும் ஹேண்ட் பிரேக்கே இல்லை. அதால சம தரையில நிப்பாட்டி, தரையில நிக்கிற சில்லுகளுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் கட்டை வைங்க, ஸ்டாண்ட் இல்லாம ஜக்க மட்டும் நம்பி உள்ளுக்குப் போகாதீங்க.

அடுத்த தவறு, ஹேண்ட் பிரேக்கப் போட்டுட்டு யூனிவர்சல் ஜொயின்ட்ட, அதாவது ஷாஃப்ட் நுனியில வளைஞ்சு குடுக்கிற மூட்டப் பாக்கிறது. ஷாஃப்ட்ல முறுக்கு இருந்தா தேஞ்ச மூட்டும் இறுக்கமாத் தான் தெரியும். கட்டைய வச்சுட்டு, நியூட்ரல்ல விட்டு, பிரேக்க எடுங்க. மூட்டுக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு கையால பிடிச்சு எதிர் எதிரா முறுக்கிப் பாருங்க, மேல கீழயும் தள்ளிப் பாருங்க. மூட்டிட பெயரிங் தொப்பிக்குப் பக்கத்தில செங்கல் தூள் மாதிரி சிவப்பா ஏதும் ஒட்டியிருந்தா உள்ள கிரீஸ் இல்லாம ஊசி பெயரிங் தேஞ்சு துருப்பிடிச்சிட்டுது எண்டு அர்த்தம், வேற சாட்சி தேவையில்லை. ஷாஃப்ட்டக் கழட்டேக்க ரெண்டு பக்கத்திலயும் பெயிண்ட்டால ஒரு கோடு போட்டுக் கொள்ளுங்க, அதே இடத்தில திரும்ப மாட்டாட்டி புதுசா அதிர்வு வரும், பிறகு அதுக்கும் வேறையா ஓடித் திரியோணும்.

ஸ்பானர எடுத்து ஷாஃப்ட் நட் எல்லாத்தையும் இறுக்கிப் பாக்காமலே பெரிய வேலைக்குப் போறவங்களும் நிறையப் பேர். டிஃபெண்டர்ல 9/16 சைஸ், அஞ்சு நிமிச வேலை. எஞ்சின் மவுண்ட், கியர் பொக்ஸ் மவுண்ட் ரப்பரையும் அதோட பாத்திடுங்க.

சத்தம் எப்ப வருது எண்டத கவனிக்காம விடுறதும் பெரிய பிழை. நேர் ரோட்டில மூணாவது கியர்ல மெதுவா போய் அக்சிலரேட்டர அமத்தி விட்டு அமத்தி விட்டு பாருங்க, அப்ப ஒவ்வொரு தடவையும் அடிச்சா சந்தேகம் ஷாஃப்ட், கியர் பக்கம். பிரேக் அடிக்கேக்க, பள்ளத்தில ஏறி இறங்கேக்க தான் வருது எண்டா ரேடியஸ் ஆம் புஷ் (ஆக்சிலப் பிடிச்சு வச்சிருக்கிற கம்பிட ரப்பர்), டிஃபெண்டர்ல பின் ஆக்சிலுக்கு மேல இருக்கிற ஏ ஃப்ரேம் போல் ஜொயின்ட் (ஆக்சிலச் சசியோட சேக்கிற உருண்டை மூட்டு), அதையெல்லாம் முதல்ல பாருங்க. இந்த போல் ஜொயின்ட் தேஞ்சா கேக்கிறது அப்பிடியே டிஃபரென்ஷல் சத்தம் மாதிரி இருக்கும், ஏனெண்டா டிரைவ் எடுக்கேக்க ஆக்சிலே கொஞ்சம் நகரும். ஒராள் உள்ள இருந்து கிளட்ச்ச மெல்ல விட்டு விட்டுப் பிடிக்க, இன்னொராள் பக்கத்தில நிண்டு (அடியில இல்லை, முன்னாலயும் பின்னாலயும் இல்லை) எங்க அசையுது எண்டு பாத்தாக் காணும்.

பழைய ஹைலக்ஸ் மாதிரி பார்ட் டைம் ஃபோர் வீல் (தேவைக்கு மட்டும் ஃபோர் வீல்ல போடுறது) வச்சிருக்கிறவங்க காஞ்ச ரோட்டில ஃபோர் வீல்ல போட்டுட்டு சந்தியில திரும்பினா "டங்" எண்டு அடிக்கும். முன்னுக்கும் பின்னுக்கும் சில்லு ஓடுற தூரம் வித்தியாசம், நடுவில அத விட்டுக் குடுக்க டிஃபரென்ஷல் இல்லை, முறுக்கு சேந்து சேந்து ஒரு இடத்தில விடுபடுது. பார்ட் ஒண்டும் பழுதில்லை, டூ வீலுக்கு மாத்தினாக் காணும். டிஃபெண்டர்ல சென்டர் டிஃப் லொக்க எடுக்க மறந்தாலும் இதே கதை.

சத்தத்த மறைக்க தடிச்ச ஒயில் ஊத்துறதும், "பினியன் நட்ட (ஷாஃப்ட் டிஃபரென்ஷலுக்குள்ள போற இடத்து நட்) கொஞ்சம் இறுக்கி விடுவம்" எண்டு இறுக்கிறதும் தயவு செஞ்சு வேண்டாம். நிறைய டிஃபரென்ஷல்ல அந்த நட் பெயரிங்க எவ்வளவு அமத்தோணும் எண்டு கணக்குப் பாத்து வச்சது, கண்ணளவுல இறுக்கினா நல்லா இருந்த டிஃபரென்ஷலும் ஊளையிடத் தொடங்கும். மழைக்கு வெள்ளத்துக்குள்ளால ஓடியிருந்தா டிஃபரென்ஷல் ஒயில இறக்கிப் பாருங்க, பால் தேத்தண்ணி நிறத்தில வந்தா தண்ணி உள்ள போயிருக்கு. அடியில பசை மாதிரி மெல்லிய இரும்புத்தூள் இருக்கிறது வழமை, பல்லுத் துண்டு கிடந்தா மட்டும் தான் டிஃபரென்ஷலக் கழட்ட யோசிங்க.

மாமாட ஜீப்புக்கு வாறன். சில்லு நடுவில இருக்கிற ரப்பர் மூடிய ஸ்க்ரூ டிரைவரால தட்டிக் கழட்டினன். உள்ள ஆக்சில் நுனி, அதச் சுத்தி டிரைவ் ஃப்ளான்ஜ், ஆக்சில் சுத்த சில்லச் சுத்த வைக்கிற பல்லு வச்ச தட்டு. தம்பி ஷாஃப்ட்ட முன்னுக்கும் பின்னுக்கும் திருப்ப, ஆக்சில் நுனி திரும்புது, ஃப்ளான்ஜ் அசையவே இல்லை, பிறகு "டொக்". விரல் வச்சா சிவப்புத் தூள் ஒட்டுது, பல்லெல்லாம் கத்தி மாதிரி கூராகிப் போய்க் கிடக்கு. பின்னுக்கு ரெண்டு ஃப்ளான்ஜும் மாத்தினம், ஆக்சில் பல்லு நல்லா இருந்ததால அதத் தொடேல்ல. சத்தம் முக்கால்வாசி போயிட்டுது, மிச்சம் இருக்கிற அந்தச் சின்ன "டக்" முப்பது வருச கியர் பல்லுகளிட இடைவெளி, அத நாங்க தொடப் போறதில்லை. கழட்டின பழைய டிஃபரென்ஷல் இன்னும் கராஜ் மூலையில சாக்கால மூடி வச்சிருக்கு, திறந்து பாத்தம், பல்லு ஒண்டும் உடையேல்ல.