0.78 கிகாஹெர்ட்ஸ்லயே நின்ன லேப்டாப், கடைசில சரியாச்சு

2011 மாடல் பட்ஜெட் லேப்டாப், உள்ள இருந்த ப்ராசஸர் பென்டியம் பி950. ப்ராசஸர் போர்டோட சால்டர் பண்ணாம சாக்கெட்ல இருந்ததால பழைய ஐ5-2520எம் சிப் ஒண்ணு வாங்கி மாத்தினேன், ரெண்டோட சூடும் 35 வாட் அளவுதான், அதனால சூட்ட வெளியேத்தற ஹீட்சிங்க் மாத்த வேண்டியதில்ல. சாக்கெட் ஓரத்துல ஒத்த ஸ்க்ரூ இருக்கும், தட்டை ஸ்க்ரூட்ரைவரால அரை சுத்து திருப்பினா சிப் தானா விட்டுடும், நெம்பவே கூடாது.

பயாஸ்ல, அதாவது ஆன் பண்ணதும் முதல்ல ஓடற மென்பொருள்ல, புது சிப்போட பேரு சரியா வந்துச்சு, ஆனா விண்டோஸ் ஆமை மாதிரி நகருது. டாஸ்க் மேனேஜர்ல ஸ்பீடு 0.78 கிகாஹெர்ட்ஸ், அதுக்கு மேல ஏறவே இல்ல. சூடா இருக்குமோன்னு சிப் மேல தடவற தெர்மல் பேஸ்ட் மறுபடி போட்டேன், 50 டிகிரி கூட தாண்டல. பவர் ப்ளான், பயாஸ் ரீசெட், புதுசா விண்டோஸ்னு நாள்கணக்கா போச்சு.

விஷயம் பேட்டரி. ப்ராசஸர் மாத்தறப்ப பாத்தா உப்பி இருந்துச்சு, அதனால அத தூக்கிட்டு சார்ஜர்லயே ஓட்டிட்டு இருந்தேன். பேட்டரி இல்லன்னா திடீர்னு இழுக்கற கரண்ட்ட சார்ஜர் ஒண்ணே தாங்கணும்ல, அதுக்காக சில லேப்டாப்ல போர்டுலயே இருக்கற மென்பொருளான ஃபர்ம்வேரே ப்ராசஸர குறைஞ்ச வேகத்துல பூட்டி வச்சுடுது, ஒரு எர்ரரும் காட்டாது, அதான் கொடுமை. வேற பேட்டரி மாட்டி ஆன் பண்ணேன், தேவைப்படறப்ப வேகத்த ஏத்தற டர்போ எழுந்து 3 கிகாஹெர்ட்ஸ தொட்டுச்சு. அப்பாடான்னு இருந்துச்சு.