ஃப்ளூ பெருந்தொற்று வருமுன் வீட்டுப் பூசணத்தை அகற்றுவது எப்படி?

சுவரில் பூசணம் பிடித்திருப்பதால் எவருக்கும் ஃப்ளூ காய்ச்சல் வராது. ஃப்ளூவை உண்டாக்குவது இன்ஃப்ளூயன்சா வைரஸ். பூசணமோ ஈரத்தில் வளரும் ஒரு பூஞ்சை. ஆயினும் இரண்டும் தொல்லை கொடுக்கும் இடம் ஒன்றுதான். நம் மூச்சுக்குழாயின் உட்சுவரில் நுண்ணிய மயிரிழைகள் ஓயாமல் அசைந்து, சளியில் ஒட்டிய தூசையும் கிருமிகளையும் தொண்டைக்கு மேலேற்றித் தள்ளிக்கொண்டே இருக்கின்றன. ஃப்ளூ வைரஸ் அந்த மயிரிழைகளைத் தாங்கும் செல்களையே அழிக்கிறது. அவை பழைய நிலைக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். 1918-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றில் இறந்தவர்களுள் பெரும்பாலோரின் உயிரைப் பறித்தது, அப்படிக் காவல் இழந்த நுரையீரலில் பின்னர் புகுந்த பாக்டீரியா நிமோனியாவே.

ஈரமும் பூசணமும் உள்ள வீடுகளில் இருமல், இளைப்பு, ஆஸ்துமா ஆகியவை மிகுதியாகக் காணப்படுகின்றன என்பதை உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் தெளிவாகவே கூறுகிறது. ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூச்சுக்குழாயோடு ஃப்ளூவை எதிர்கொள்வது கடினம். ஆகவே, வீட்டில் அனைவரும் நலமாக இருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிடுங்கள் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். காய்ச்சலில் படுத்தபின் சுவரைச் சுரண்டத் தொடங்குவதே மிகத் தவறான நேரம்.

படி 1: ஈரம் எங்கே என்று தேடுங்கள்

கண்ணுக்கு முன் மூக்கு காட்டிக்கொடுக்கும். ஓதம் ஏறிய சுவருக்கும் நனைந்த துணிக்கும் உரிய அந்த மக்கிய வாடை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். சுவரை ஒட்டி நிற்கும் அலமாரியின் பின்புறம், கழுவுதொட்டியின் அடிப்பகுதி, சன்னல் விளிம்பு, குளியலறைக் கூரை, ஏசி இயந்திரத்தின் நீர் வடியும் பகுதி ஆகியவற்றை டார்ச் விளக்கோடு பார்த்துவிடுங்கள்.

கறுப்பு நிறத்தைக் கண்டு தனியாக அஞ்ச வேண்டாம். 1990-களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் சில குழந்தைகளின் நுரையீரலில் இரத்தக்கசிவு ஏற்பட்டபோது, ஒருவகைக் கறுப்புப் பூசணமே காரணம் எனப் பேசப்பட்டது. அதற்கான சான்று போதாது என்று அந்நாட்டின் நோய்த்தடுப்பு மையம் 2000-இல் அறிவித்தது. நிறம் எதுவானாலும் அகற்றும் முறை ஒன்றே என்பதால், கண்ணுக்குத் தெரியும் பூசணத்தைப் பரிசோதனைக்கு அனுப்பிப் பணத்தைச் செலவிடத் தேவையில்லை.

படி 2: முதலில் ஈரத்தை நிறுத்துங்கள்

தொடக்கநிலையினர் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். நானும் ஒருமுறை கறை படிந்த சுவரைத் துடைத்து, அதன்மேல் புது வண்ணம் பூசினேன்; உள்ளே கசிந்துகொண்டிருந்த குழாயைக் கவனிக்கவில்லை. சில வாரங்களில் வண்ணம் உப்பி உரிந்து, அதே இடத்தில் அதே கறை மீண்டும் தோன்றியது. பூசணத்தின் வித்துக்கள் எல்லாக் காற்றிலும் உண்டு. அவற்றை ஒழிக்க எவராலும் இயலாது. அவை முளைக்கத் தேவையான நீரை மட்டுமே நம்மால் தடுக்க முடியும். எனவே குழாய்க்கசிவு, கூரைக்கசிவு, குளிர்ந்த சுவரில் படியும் நீர்த்துளி ஆகியவற்றுள் எது காரணம் என்று கண்டறிந்து, அதைச் சரிசெய்த பிறகே துணியைக் கையில் எடுங்கள். ஏதேனும் நனைந்துவிட்டால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூசணம் பிடிக்காது.

ஈரப்பதமானி ஒன்றை வாங்கி வையுங்கள். வீட்டுக்குள் காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டைத் தாண்டாமல் இருக்க வேண்டும். அதற்காக அளவுக்கு மீறி உலர்த்துவதும் நல்லதன்று. மிகவும் வறண்ட காற்றில் ஃப்ளூ வைரஸ் நெடுநேரம் உயிர்ப்போடு இருக்கிறது. 40 முதல் 50 விழுக்காடு வரை வைத்துக்கொண்டால் இரு பக்கமும் பாதுகாப்பு.

படி 3: நீங்களே செய்யலாமா என்று முடிவு செய்யுங்கள்

பூசணம் படர்ந்த பரப்பு ஏறத்தாழ 1 சதுர மீட்டருக்குள் இருந்தால் வீட்டாரே செய்யலாம். அதைவிடப் பெரிதாக இருந்தாலோ கழிவுநீர் புகுந்திருந்தாலோ தொழில்முறையாளரை அழையுங்கள். ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய், குறைந்த நோய் எதிர்ப்பாற்றல் உள்ளவர்கள் இந்த வேலையைச் செய்யவே கூடாது. வேலை நடக்கும்போது அந்த அறையில் இருக்கவும் கூடாது.

படி 4: துடைத்து அகற்றுங்கள்

என்95 முகக்கவசம், ரப்பர் கையுறை, கண்ணை முழுதாக மூடும் கண்ணாடி ஆகியவற்றை அணிந்துகொள்ளுங்கள். முகக்கவசம் மூக்கின் ஓரத்தில் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும், துணிக்கவசம் போதாது. அறைக்கதவை மூடி, வெளிப்புறச் சன்னலைத் திறந்து வையுங்கள், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

உலர்ந்த பூசணத்தை ஒருபோதும் தேய்க்காதீர்கள். வித்துக்கள் புகைபோல எழும்பும். முதலில் நீரை இலேசாகத் தெளித்து நனைத்து, பிறகு சோப்புநீரில் தோய்த்த துணியால் தேய்த்துத் துடைத்து, அந்த இடத்தை முழுமையாக உலரவிடுங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே போதுமானது. பிளீச் ஊற்றிக் கொன்றாலும் இறந்த பூசணம் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால், கொல்வதைவிட அகற்றுவதே முக்கியம். பிளீச்சைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால், அமோனியா அல்லது அமிலம் கலந்த வேறெந்தத் திரவத்தோடும் கலக்காதீர்கள். அதில் எழும் நச்சுவாயு நுரையீரலையே சுட்டுவிடும். பூசணம் ஊடுருவிய மெத்தை, கம்பளம், அட்டைப்பெட்டி போன்றவற்றைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். அணிந்திருந்த முகக்கவசத்தையும் அத்துடன் எறிந்துவிடுங்கள்.

படி 5: காற்றோட்டத்தைப் பழக்கமாக்குங்கள்

குளிக்கும்போதும் சமைக்கும்போதும் எக்ஸ்ஹாஸ்ட் விசிறி ஓட வேண்டும். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே காற்று புகும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். எதிரெதிர்ச் சன்னல்களை நாள்தோறும் சிறிது நேரம் திறந்தால் ஈரமும் வெளியேறும், நோயாளியின் மூச்சிலிருந்து காற்றில் மிதக்கும் வைரஸும் குறையும். சன்னல் திறக்க வழியில்லாத அறைக்கு நுண்துகள்களைப் பிடித்துவைக்கும் ஹெப்பா (HEPA) வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் உதவும். ஆனால் அது ஈரத்தை எடுக்காது.

படி 6: நுரையீரலையும் ஆயத்தப்படுத்துங்கள்

ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவர் தந்த தடுப்பு இன்ஹேலரை அறிகுறி இல்லாத நாளிலும் நிறுத்தக் கூடாது. பருவகால ஃப்ளூ தடுப்பூசி, பெருந்தொற்றை உண்டாக்கும் புதிய வகை வைரஸைத் தடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது என்றாலும், முதியோரும் நுரையீரல் நோயாளிகளும் அதையும், நிமோனியாவை உண்டாக்கும் ஒருவகைப் பாக்டீரியாவுக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசியையும் பற்றி இப்போதே மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது. வீட்டுக்குள் புகைபிடிப்பதை அறவே விடுங்கள்.

பெல்ஜியம், நெதர்லாந்து நாடுகளில் கடுமையான ஃப்ளூவோடு தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்டவர்களைப் பற்றி 2018-இல் வெளியான ஆய்வில், 19 விழுக்காட்டினரின் நுரையீரலில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையும் தொற்றியிருந்தது தெரியவந்தது. இது மிகக் கடுமையாக நோயுற்றவர்களின் நிலை. வீட்டில் சாதாரணக் காய்ச்சலோடு இருப்பவர் இதைப் படித்து அஞ்ச வேண்டாம். எனினும், ஃப்ளூ நோயாளியைப் பூசண வாடை வீசும் அறையில் படுக்க வைக்காதீர்கள். அவ்வறையில் ஈரத்துணிகளையும் உலர்த்தாதீர்கள்.

ஃப்ளூவுக்கான வைரஸ் எதிர்ப்பு மருந்து, அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்கு பயன் தரும் என்பதால், ஆபத்து மிகுந்தவர்கள் காத்திருக்கக் கூடாது. மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, உதடு நீலமாதல், மனக்குழப்பம், அல்லது தணிந்த காய்ச்சல் முன்னைவிடக் கடுமையான இருமலோடு திரும்புதல் ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.