விதையைத் திட்டுவதற்கு முன்

மொட்டை மாடியில் போட்ட விதை முளைக்கவில்லை என்றால் எல்லாரும் முதலில் சொல்வது "கடைக்காரன் ஏமாத்திட்டான்". நானும் சொல்லியிருக்கிறேன். வடசென்னையில் தண்டையார்பேட்டை வீட்டு மாடியில் முதல் தடவை தக்காளி, வெண்டை, சிறுகீரை மூன்றையும் போட்டேன், மூன்றும் போச்சு. மிச்சமிருந்த வெண்டை விதையைக் கொளத்தூரில் இருக்கும் அக்கா வாங்கிப்போய்ப் போட்டாள், ஒரே வாரத்தில் வரிசையாக முளைத்து நின்றது. அப்புறம்தான் எங்கள் வீட்டு போர் தண்ணீர் மேல் சந்தேகம் வந்தது.

காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் என்று கடலை ஒட்டிய தெருக்களில் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பு. மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதில் கடல்நீரே உள்ளே புகுந்தது நமக்குத் தெரிந்த கதைதான். உப்பு கூடினால், சுற்றிலும் ஈரம் இருந்தாலும் விதையால் அதை உறிஞ்ச முடியாது, ஊறாத விதை எங்கிருந்து முளைக்கும்? வளர்ந்த செடி ஓரளவு தாங்கும், இரண்டு இலைக் கன்று தாங்காது. ஒரு தட்டில் அந்தத் தண்ணீரை ஊற்றி வெயிலில் காயவிடுங்கள். வெள்ளை வெள்ளையாகப் படிந்தால், கன்று தேறும் வரைக்குமாவது மெட்ரோ குழாய்த் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோதான். ஒரு தொட்டிக்கு ஒரு சொம்பு போதும், அதற்காக மாடி ஏற அலுத்துக்கொள்ளாதீர்கள்.

இதே உப்பு கோகோபீட் கட்டியிலும், அதாவது தொட்டியில் நிரப்பும் தேங்காய் நார்த்தூள் கட்டியிலும் ஒளிந்திருக்கும். ஊறவைத்து, பிழிந்து, டீ நிறத்தில் வரும் தண்ணீரைக் கொட்டி, இரண்டு மூன்று முறை அலசாமல் தொட்டியில் நிரப்பாதீர்கள், அலசுவதும் நல்ல தண்ணீரில்தான், போர் தண்ணீரில் அலசினால் அலசியதற்கு அர்த்தமே இல்லை. கடற்கரை மணலை மூட்டையில் அள்ளிவந்து கலக்கும் புண்ணியவான்களும் நம் பக்கத்தில் உண்டு. வேண்டாம்.

அடுத்தது ஆழம். விதையின் பருமனைப் போல இரண்டு மூன்று மடங்கு மண் மேலே இருந்தால் போதும். கீரை விதையை மணலோடு கலந்து தூவி, லேசாக மூடினால் சரி. அதில் கொஞ்சம் ரவையும் கலந்துவிடுங்கள், எறும்பு ரவையைத் தூக்குவதில் மும்முரமாகிவிடும். கொத்தமல்லியை இரண்டாக உடைக்காமல் போடக்கூடாது, பாகல் விதையை ஓர் இரவு ஊறவைக்காமல் போட்டால் நாள் கணக்கில் காத்திருக்க வேண்டும்.

தக்காளி, கத்தரி, மிளகாயை நாற்று விட்டுத்தான் பிடுங்கி நட வேண்டும், தக்காளி 25 நாள், மிளகாய் 40 நாள் வரைகூட ஆகும். வெண்டை, அவரை, முள்ளங்கிக்கு அந்த வேலையே கூடாது, நேராகத் தொட்டியில் ஊன்றிவிடுங்கள், முள்ளங்கியைப் பிடுங்கி நட்டால் கிழங்கு கோணிக்கொள்ளும். நாற்றுத் தட்டில் பாசத்தைக் காட்டுகிறேன் என்று வேளைக்கொரு தடவை தண்ணீர் ஊற்றினால் தண்டு மண்மட்டத்தில் அழுகிச் சாயும். நாற்றழுகல் என்பார்கள், வந்துவிட்டால் அந்தக் கன்று தேறாது.

காலமும் பார்க்க வேண்டும். கத்திரி வெயிலில் சிமெண்ட் தரை அடுப்பு மாதிரி இருக்கும், நிழல் வலை இல்லாமல் தொடங்கவே வேண்டாம். ஐப்பசி மழையில் பிஞ்சு நாற்று மண்ணோடு படுத்துவிடும். ஆடியில் போட்டால் மழை வருவதற்குள் செடி காலூன்றிவிடும்.

ரோஸ், நீலம் என்று சாயம் பூசிய விதைக்கு மருந்து தடவியிருப்பார்கள், குழந்தைகள் கையில் கொடுத்து விதைக்கச் சொல்லாதீர்கள்.

இத்தனை பார்த்தும் முளைக்கவில்லையா? மிச்ச விதையில் 10 எடுத்து, நல்ல தண்ணீரில் நனைத்த துணியில் மடித்து ஒரு டப்பாவில் வையுங்கள். வெண்டைக்கு ஒரு வாரம், மிளகாய்க்கு இரண்டு வாரம் பொறுங்கள். அதிலும் இரண்டு மூன்றுதான் முளைவிட்டிருக்கிறது என்றால், அந்தத் துணியையும் எடுத்துக்கொண்டு கடைக்காரரோடு சண்டைக்குப் போங்கள்.