பெருங்குடலுக்கும் சேர்த்து சாப்பிடறது எப்படி: சாப்பாடும் குடல்ல இருக்கற ஜீனும்

என் தம்பிக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடல் உள்சுவர் வீங்கி புண்ணாகற நோய்னு டாக்டர் சொன்ன அன்னைல இருந்து எங்க வீட்ல ஒரே கேள்விதான், இவனுக்கு என்ன சமைச்சு போடறதுன்னு. ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. நான் உக்காந்து படிக்க ஆரம்பிச்சது அதுக்காகத்தான், இப்ப பல வருஷம் ஆச்சு, படிச்சதுல நம்ம அடுப்படிக்கு உதவற விஷயத்தை இங்க எழுதறேன்.

முதல்ல குடலுக்குள்ள என்ன நடக்குதுன்னு புரிஞ்சுக்கங்க, அப்பதான் மத்தது மண்டைல நிக்கும். நம்ம உடம்புல கிட்டத்தட்ட எல்லா செல்லுலயும் ஒரே டிஎன்ஏ தான். ஆனா எந்த ஜீன் வேலை செய்யணும் எது சும்மா கிடக்கணும்ங்கறது எடத்துக்கு எடம் மாறும். டிஎன்ஏ நூல் மாதிரி ஹிஸ்டோன்ங்கற புரதத்து மேல சுத்தி இருக்கு. இறுக்கமா சுத்தியிருந்தா அந்த எடத்து ஜீனை செல்லால படிக்க முடியாது, தளர்ந்தா படிக்கலாம். இது போக மெத்தில்னு ஒரு சின்ன ஒட்டு வந்து உக்காந்தாலும் ஜீன் வாயை மூடிக்கும். எழுத்து மாறாம ஜீன் மட்டும் ஆன் ஆஃப் ஆகுது, இதைத்தான் எபிஜெனெடிக்ஸ்னு சொல்றாங்க.

இதுல சாப்பாடு எங்க வருதுன்னா, நம்மளால செரிக்க முடியாத நார்ச்சத்து நேரா பெருங்குடலுக்கு போகுது, அங்க இருக்கற பாக்டீரியா அதை நொதிக்க வெச்சு பியூட்டிரேட்னு ஒரு கொழுப்பு அமிலத்தை உண்டாக்குது, பெருங்குடல் சுவத்துல இருக்கற செல்லுக்கு முக்கியமான எரிபொருளே அதுதான். ஆரோக்கியமான செல் அதை எரிச்சு சக்தி எடுத்துக்கும். கேன்சர் செல் பெரும்பாலும் குளுக்கோஸையே நம்பி இருக்கறதால பியூட்டிரேட்டை எரிக்காம உள்ள சேத்து வெச்சுக்குது, அது நியூக்ளியஸ் வரைக்கும் போய் ஹிஸ்டோனை இறுக்கற என்சைமை தடுக்குது, நூல் தளருது, செல் பெருகறதை நிறுத்தற பி21 மாதிரி ஜீனெல்லாம் முழிச்சுக்குது. அதே பியூட்டிரேட் வீக்கத்தை தூண்டற என்எஃப் கப்பா பி-யையும் அடக்குது, நோய் எதிர்ப்பு செல்லை சாந்தப்படுத்தற செல்லுங்க வளரவும் உதவுது. முதல் தடவை இதைப் படிச்சப்ப எனக்கு ராத்திரி தூக்கமே வரல. ஒரே பொருள் நல்ல செல்லுக்கு சோறு, கெட்ட செல்லுக்கு கடிவாளம்.

இது லேப்ல மட்டும் நடக்கறதான்னு கேட்டா, 2015-ல வந்த ஒரு ஆய்வை சொல்லணும். அமெரிக்காவோட பிட்ஸ்பர்க்ல இருந்து 20 ஆப்பிரிக்க அமெரிக்கர்கள், தென்னாப்பிரிக்காவோட குவாசூலு நட்டால் கிராமத்துல இருந்து 20 பேர், ரெண்டு வாரம் மட்டும் சாப்பாட்டை மாத்தி குடுத்தாங்க. அமெரிக்காக்காரங்களுக்கு நார் ஒரு நாளைக்கு 14 கிராம்ல இருந்து 55 கிராம் ஆச்சு, கொழுப்பு குறைஞ்சது. கிராமத்துக்காரங்களுக்கு நார் 66-ல இருந்து 12-க்கு எறங்குச்சு, கொழுப்பு ஏறுச்சு. ரெண்டே வாரத்துல அமெரிக்காக்காரங்க குடல்ல பியூட்டிரேட் ரெண்டரை மடங்கு ஆயிடுச்சு, குடல் சுவத்துல வீக்கமும் செல் பெருகற வேகமும் குறைஞ்சது, அந்தப் பக்கம் அப்படியே தலைகீழ். இதனால கேன்சர் நின்னுச்சுன்னு அர்த்தம் இல்ல, கேன்சருக்கு முன்னாடி வர்ற அடையாளங்கள் மாறுச்சு அவ்ளோதான். ஆனா அவ்வளவு சீக்கிரம் மாறுதுங்கறது சாதாரண விஷயம் இல்ல. குடல் சுவர் மேல்தோல் நாலஞ்சு நாளைக்கு ஒரு தடவை புதுசா மாறிக்கிட்டே இருக்கு.

சரி, இப்ப என்ன பண்றது.

உங்களுக்கோ வீட்ல இருக்கறவங்களுக்கோ குடல் வீக்க நோய் இருந்தா, நோய் இப்ப கொதிச்சுக்கிட்டு இருக்கா அடங்கி இருக்கான்னு பாருங்க, இதை விட்டுட்டு மத்த எதைப் பண்ணினாலும் தப்பாப் போகும். நாங்க அந்தத் தப்பைப் பண்ணினோம். தம்பிக்கு ரத்தம் போய்க்கிட்டு இருந்த நேரத்துல, நார் நல்லதுன்னு நான் படிச்சு சொன்னதைக் கேட்டு அம்மா தினம் முருங்கைக்கீரையும் சுண்டலுமா குடுத்தாங்க, அவன் ராத்திரி பூரா பாத்ரூம்லயே கிடந்தான். கொதிக்கற நேரத்துல கஞ்சி, குழைஞ்ச சாதம், முட்டை, மீன், தோல் விதை எடுத்து நல்லா வேகவெச்ச காய், இதுதான் தாங்கும். கிரோன்ஸ்ங்கற இன்னொரு குடல் வீக்க நோய்ல குடல் சுருங்கி இருக்குன்னு ஸ்கேன்ல வந்திருந்தா நாரை ஏத்தறதுக்கு முன்னாடி கண்டிப்பா டாக்டர்ட்ட கேக்கணும், அடைச்சுக்கும். மெசலமைன் மாதிரி வீக்கத்தை அடக்கற மாத்திரையை சாப்பாட்டை நம்பி நிறுத்தவே கூடாது, எவ்வளவு நல்லா இருந்தாலும்.

அடங்கின பிறகு, இல்ல நோயே இல்லாதவங்க, நாரை மெதுவா ஏத்துங்க. பெரியவங்களுக்கு தினம் குறைஞ்சது 25 கிராம் வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. நம்ம தட்டுல எவ்வளவு இருக்குன்னு பாத்தா கஷ்டமா இருக்கும், ஒரு கப் வெள்ளை சாதத்துல ஒரு கிராம் கூட கிடையாது. அதே ஒரு கப் வேகவெச்ச கொண்டைக்கடலைல கிட்டத்தட்ட 12 கிராம், நூறு கிராம் கொய்யால 5 கிராம். அதனால சாதத்தைக் குறைச்சு பொரியலையும் கூட்டையும் கூட்டுங்க, வாரத்துக்கு ஒரு புது அயிட்டம் மட்டும் சேருங்க, முதல் வாரம் பாசிப்பருப்பு, அது ஒத்துக்கிட்டா அடுத்த வாரம் அவரைக்காய், அப்புறம் சுண்டல். பயறை ராத்திரி ஊறவெச்சு அந்தத் தண்ணிய கொட்டிட்டு வேகவெச்சா கேஸ் கொஞ்சம் குறையும். தண்ணி நிறைய குடிக்கணும்.

பழைய சோறு பத்தி எல்லாரும் கேப்பீங்க. வடிச்ச சோறு ஆறும்போது அதுல கொஞ்சம் மாவுச்சத்து செரிக்காத வகையா மாறுது, அதுவும் பாக்டீரியாவுக்கு சாப்பாடுதான், எனக்கும் பிடிக்கும். ஆனா அதை மருந்துன்னு சொல்லாதீங்க. லின்ச் சிண்ட்ரோம்னு பரம்பரையா பெருங்குடல் கேன்சர் வர்ற குடும்பத்துக்காரங்களுக்கு அந்த மாதிரி மாவுச்சத்தை தினம் 30 கிராம் பவுடரா வருஷக்கணக்குல குடுத்துப் பாத்தாங்க, பெருங்குடல் கேன்சர் குறையல, வேற உறுப்புகள்ல வர்ற சில கேன்சர்தான் குறைஞ்சுது. எதிர்ப்பு சக்தியை அடக்கற மருந்து எடுக்கறவங்க வெயில் காலத்துல ராத்திரி பூரா வெளில கிடந்த சோறை சாப்பிடறதுக்கு முன்னாடி யோசிங்க.

குறைக்க வேண்டியது எதுன்னா சாசேஜ், சலாமி, பேக்கன் மாதிரி பதப்படுத்தின கறி. 2015-ல உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆய்வுப் பிரிவு இதை மனுஷனுக்கு கேன்சர் உண்டாக்கும்னு முதல் குரூப்ல சேத்துடுச்சு, தினம் 50 கிராம் சாப்பிட்டா பெருங்குடல் கேன்சர் அபாயம் சுமார் 18 சதவீதம் ஏறுதுன்னு கணக்கு. மட்டன், பீஃப் அதுக்கு அடுத்த குரூப். அதுல இருக்கற ஹீம் இரும்பு குடல் செல்லை அரிக்குது, கருக வறுத்தா வேற டிஎன்ஏ-வை கெடுக்கற பொருளும் சேருது. ஞாயித்துக்கிழமை மட்டன் குழம்பை நிறுத்த சொல்லல, தினம் வேண்டாம்னுதான் சொல்றேன். சரக்கு வேண்டவே வேண்டாம், அது உடம்புல அசிட்டால்டிஹைடா மாறி நேரா டிஎன்ஏ-லயே கை வெக்குது.

அடுத்தது கேப்ஸ்யூல், இதுக்குத்தான் எனக்கு ரொம்ப பயம். 2006-ல ஜப்பான்ல 89 பேரை வெச்சு நடந்த ஒரு ஆய்வுல, அடங்கி இருந்த கொலைட்டிஸ்காரங்களுக்கு வழக்கமான மருந்தோட மஞ்சள்ல இருக்கற குர்க்குமினை தினம் 2 கிராம் குடுத்தப்ப நோய் திரும்பறது குறைஞ்சது உண்மை. ஆனா மஞ்சத்தூள்ல குர்க்குமின் சுமார் 3 சதவீதம்தான், குழம்புல போடற அரை ஸ்பூன் அந்த அளவுக்கு கிட்டக்கூட வராது. மிளகுச்சாறு சேத்து விக்கற குர்க்குமின் மாத்திரையால கல்லீரல் கெட்டவங்க இருக்காங்க, டாக்டர்ட்ட சொல்லாம வாங்கவே வாங்காதீங்க. ஃபோலிக் ஆசிட் கதையும் இப்படித்தான். மெத்தில் ஒட்டு தயாராக ஃபோலேட்ங்கற வைட்டமின் வேணும், அதோட மாத்திரை வடிவம்தான் ஃபோலிக் ஆசிட், கீரைலயும் பருப்புலயும் அது தாராளமா இருக்கு. ஆனா குடல்ல கட்டி எடுத்தவங்களுக்கு தினம் 1 மில்லிகிராம் மாத்திரையா குடுத்துப் பாத்த ஆய்வு 2007-ல வந்தப்ப புதுக்கட்டி குறையவே இல்லன்னு தெரிஞ்சுது. அதேசமயம் குடல் வீக்கத்துக்கு குடுக்கற சல்ஃபாசலசின், மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை எடுக்கறவங்களுக்கும் கர்ப்பமா இருக்கறவங்களுக்கும் டாக்டர் எழுதிக் குடுத்த ஃபோலிக் ஆசிட் அவசியம், இதைப் படிச்சுட்டு நிறுத்திடாதீங்க.

கடைசியா செக்கப். எம்எல்ஹெச்1-னு டிஎன்ஏ பிழையை சரி பண்ற ஒரு ஜீன் இருக்கு, சில பெருங்குடல் கேன்சர்ல அது உடையாமலே மெத்தில் ஒட்டிப் பூட்டிக்கிடும். பல வருஷம் கொலைட்டிஸ் இருக்கறவங்க குடல்ல பாக்க நல்லா இருக்கற எடத்துல கூட இந்த மாதிரி ஒட்டு கூடிக்கிட்டே போகுது. அதனால நோய் ஆரம்பிச்சு எட்டு வருஷத்துல கொலனோஸ்கோபி, அதாவது கேமரா குழாய் விட்டு பெருங்குடலைப் பாக்கறதை, ஆரம்பிக்க சொல்றாங்க, அப்புறம் டாக்டர் சொல்ற இடைவெளில திரும்பத் திரும்ப பண்ணணும். நோய் இல்லாதவங்களும் மலத்துல ரத்தம், காரணமில்லாம எடை குறையறது, ரத்தசோகை இருந்தா மூலம்னு நீங்களே முடிவு பண்ணிட்டு உக்காந்திருக்காதீங்க. தம்பிக்கு எட்டு வருஷம் முடிஞ்சு போன மாசம் பண்ணினோம். அதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி மட்டும் கொய்யா, கீரை, தக்காளி விதை எல்லாத்தையும் நிறுத்தி வெள்ளை சாதமும் ரசமும்தான் குடுக்கணும், விதை ஒட்டிக்கிட்டு இருந்தா கேமராவுக்கு சுவர் சரியா தெரியாது.